எல்லாப் பரிசோதனையும் ‘நெகட்டிவ்’ என்றால், ஒப்புதல் படிவத்தில் அந்த ஒரு வரி எதற்கு?

தாழம்பூ எழுதியது:

என் தம்பிக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்கப் போகிறேன். ரத்த வகை, திசுப் பொருத்தம் இரண்டும் கூடி வந்துவிட்டன. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி ஆகிய மூன்றுக்கும் என் ரத்தத்தைச் சோதித்து, மூன்றிலும் ‘நெகட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படியிருக்க, நேற்று கையெழுத்துக்காக நீட்டிய படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், கொடையாளரிடமிருந்து பெறுநருக்குத் தொற்று செல்லும் வாய்ப்பை முழுவதுமாக நீக்க இயலாது என்று ஒரு வரி இருந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியை நான்கு முறை படித்தேன்.

அத்துடன், அறிக்கையின் கடைசித் தாளில் ‘சி.எம்.வி. ஐஜிஜி’ என்ற இடத்தில் எனக்குப் ‘பாசிட்டிவ்’ என்றும், தம்பிக்கு ‘நெகட்டிவ்’ என்றும் போட்டிருக்கிறது. மருத்துவரிடம் கேட்டபோது, “இது மிஸ்மேட்ச், மருந்து இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்கு 46 வயது ஆகிறது. காய்ச்சலென்று நான்கு நாள் சேர்ந்தாற்போல் படுத்ததில்லை. என்னிடம் இருக்கும் எதுவோ ஒன்று என் சிறுநீரகத்தின் வழியாக அவனுக்குப் போகப்போகிறது என்ற எண்ணம் இரவெல்லாம் தூங்க விடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மூன்றாம் ஷிப்ட் எழுதியது:

சகோதரி, நான் 19 ஆண்டுகளாக ரத்த வங்கி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். உங்கள் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும், சி.எம்.வி. பற்றி அதை அனுபவித்தவர்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

‘நெகட்டிவ்’ என்று நாங்கள் எழுதுவதற்கு ‘வைரஸ் இல்லை’ என்று பொருளில்லை. ‘இந்த நாளில் எடுத்த இந்தக் குழாய் ரத்தத்தில், இந்தக் கருவியால் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்கு எதுவும் இல்லை’ என்பதே அதன் முழு வாக்கியம். அவ்வளவையும் எழுத அறிக்கையில் இடமில்லாததால் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வைரஸ் உடலுக்குள் நுழைந்த நாளுக்கும், பரிசோதனையில் அது தென்படும் நாளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் நாங்கள் ‘விண்டோ பீரியட்’ என்று சொல்கிறோம். அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்பது நாம் எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடினால் நீண்ட நாள் காத்திருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் சி-க்கு அது இரண்டு மாதத்தைத் தாண்டிவிடும். வைரஸின் மரபணுவையே நேரடியாகத் தேடும் ‘நாட்’ பரிசோதனை அதை ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது. எச்.ஐ.வி.க்கு நாட் ஏறத்தாழ பத்து நாளில் காட்டிக்கொடுக்கும். ஹெபடைட்டிஸ் பி மட்டும் நாட் செய்தாலும் மூன்று வாரம் வரை ஒளிந்திருக்கும், ஏனென்றால் அது மெதுவாகப் பெருகும் வைரஸ்: எச்.ஐ.வி. ஒரு நாளுக்குள் இரட்டிப்பாகும்போது, இது இரண்டரை நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

இதில் வெளியே யாரும் பேசாத ஒரு சங்கதி உண்டு. பல இடங்களில் நாட் பரிசோதனையை ஒவ்வொரு குழாயாகச் செய்வதில்லை. ஆறு பேருடைய அல்லது பதினாறு பேருடைய பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து, அந்தக் கலவையைச் சோதிப்பார்கள். கலவை சுத்தமென்றால் எல்லோரும் சுத்தம். செலவும் நேரமும் மிச்சம்தான், ஆனால் ஒருவரிடம் வைரஸ் மிகக் குறைவாக இருந்தால், மற்ற பதினைந்து பேருடைய பிளாஸ்மா அதை நீர்க்கச் செய்துவிடும். ரத்த தானத்துக்கு இது ஏற்கத்தக்க ஏற்பாடு. உறுப்புக் கொடைக்குத் தனிக்குழாயாகச் சோதிப்பதே முறை.

இது ஏட்டளவில் உள்ள அச்சமன்று. 2007-இல் அமெரிக்காவின் சிகாகோவில், எதிர்ப்பொருள் பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ என்று வந்த ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற நால்வருக்கு எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் சேர்ந்தே சென்றன. பாதுகாத்து வைத்திருந்த ரத்தத்தைப் பின்னர் நாட் முறையில் சோதித்தபோது இரண்டுமே அதில் இருந்தன. உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமான நிகழ்வு 2009-இல் நியூயார்க்கில் நடந்தது. அங்கே சிறுநீரகம் கொடுத்தவர் உயிருடன் இருந்த கொடையாளர். அவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்தது அறுவைச் சிகிச்சைக்கு 79 நாட்களுக்கு முன்னால். அந்தப் பரிசோதனை முற்றிலும் சரியாகவே இருந்தது. அதற்குப் பிந்திய நாட்களில் அவருக்குத் தொற்று ஏற்பட்டது, யாரும் மறுபடி ரத்தம் எடுக்கவில்லை. அதன் பிறகே, உயிருடன் உள்ள கொடையாளரை அறுவைச் சிகிச்சையை ஒட்டி மீண்டும் சோதிக்க வேண்டும் என்பது அங்கே வலியுறுத்தப்பட்டது; இப்போது அந்நாட்டு வழிகாட்டல் 28 நாட்களுக்குள் என்கிறது.

ஆகவே உங்கள் அறிக்கையில் ‘நெகட்டிவ்’ என்ற சொல்லைப் பார்ப்பதோடு, அதன் மேல்மூலையில் சிறிய எழுத்தில் ‘மாதிரி எடுத்த தேதி’ என்று இருப்பதையும் பாருங்கள். அறுவைச் சிகிச்சை நாளுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று கணக்கிடுங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

மூன்றாம் ஷிப்ட் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் இது வேலியைச் சரிசெய்யாமல் ஆட்டைக் குறைசொல்வது போல இருக்கிறது. நாட் இருக்கிறது, கருவி இருக்கிறது. எல்லா வைரஸுக்கும் ஒரேயடியாகச் சோதித்துவிட்டால் இந்த வரியே தேவைப்படாதே? சந்தேகம் இருந்தால் அந்த உறுப்பை எடுக்காமல் விட்டுவிடலாமே? ஹெபடைட்டிஸ் சி ‘பாசிட்டிவ்’ என்று தெரிந்தே சிறுநீரகத்தைப் பொருத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு நோயைத் தீர்க்க இன்னொரு நோயைக் கொடுப்பது எந்த ஊர் மருத்துவம் என்று எனக்குப் புரியவில்லை.

எட்டாம் ஆண்டு எழுதியது:

எனக்குச் சிறுநீரகம் பொருத்தி எட்டாம் ஆண்டு நடக்கிறது, பெயரும் அதனால்தான். தாழம்பூ அம்மாவின் தம்பியைப் போலவே நானும் சி.எம்.வி. ‘நெகட்டிவ்’, எனக்குக் கொடுத்தவர் ‘பாசிட்டிவ்’.

அம்மா, முதலில் மனத்தில் உள்ள பாரத்தை இறக்கி வையுங்கள். சி.எம்.வி. என்று சுருக்கிச் சொல்லும் சைட்டோமெகலோ வைரஸ் என்பது ஹெர்ப்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சின்னம்மையை உண்டாக்கும் வைரஸுக்கு உறவுக்காரன். வளர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல், பல சமூகங்களில் பத்தில் ஒன்பது பேர் வரை, என்றோ ஒரு நாள் இதைப் பெற்றவர்களே. சிறு குழந்தைகளின் எச்சில், சிறுநீர் வழியாக வீட்டுக்குள்ளேயே சுற்றும். வந்தபோது ஒரு சளிக்காய்ச்சல் போல இருந்திருக்கும், அல்லது வந்ததே தெரிந்திருக்காது. பிறகு அது உடலை விட்டுப் போவதில்லை. வெள்ளணுக்களின் மூலச் செல்களிலும் உறுப்புகளின் திசுக்களிலும் உறங்கிக் கிடக்கும். உங்கள் உடலின் காவல் விழித்திருப்பதால் அது எழுந்திருப்பதில்லை. ஐஜிஜி என்பது ஒரு வகை எதிர்ப்பொருள்; உங்கள் அறிக்கையில் உள்ள ‘ஐஜிஜி பாசிட்டிவ்’ காட்டுவது அந்தக் காவலின் தடயத்தைத்தான். நீங்கள் நோயாளி என்பதை அன்று.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், உங்கள் சிறுநீரகத்தோடு சேர்ந்து உறங்கும் வைரஸும் தம்பியின் உடலுக்குள் போகிறது. உங்கள் காவல் போவதில்லை. அவர் உடலோ அந்த வைரஸை முன்பின் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, உறுப்பை உடல் தள்ளிவிடாமலிருக்க அவருடைய தற்காப்பை மருந்தால் அடக்கி வைத்திருப்பார்கள். மூன்றும் ஒரே வாரத்தில் கூடுகின்றன. அதனால்தான் கொடையாளர் ‘பாசிட்டிவ்’, பெறுநர் ‘நெகட்டிவ்’ என்னும் சேர்க்கையை மிக அதிக ஆபத்துள்ளதாக வைத்திருக்கிறார்கள்.

உங்கள் மருத்துவர் சொன்ன மருந்து பெரும்பாலும் வால்கான்சைக்ளோவிர் மாத்திரையாக இருக்கும். இந்தச் சேர்க்கையுள்ள சிறுநீரக நோயாளிகளுக்கு அதை 100 நாள் கொடுப்பதா, 200 நாள் கொடுப்பதா என்று ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. 100 நாள் எடுத்தவர்களில் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 37 சதவீதம் பேருக்குச் சி.எம்.வி. நோய் வந்தது, 200 நாள் எடுத்தவர்களில் அது 16 சதவீதமாகக் குறைந்தது. எனக்கும் 200 நாள் கொடுத்தார்கள். இடையில் வெள்ளணுக்கள் இறங்கிவிட்டதால் அளவைக் குறைத்தார்கள். அந்த மருந்தின் குணமே அது.

ஆனால் நான் சொல்ல வந்தது 200-ஆம் நாளுக்குப் பிறகு நடந்தது. மாத்திரையை நிறுத்திய அன்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. ஐந்தாவது வாரத்தில் மாலையானால் உடம்பு கணகணத்தது; அப்புறம் வயிற்றுப்போக்கு, எழுந்து நடக்க முடியாத சோர்வு. வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டு ஆறு நாள் தள்ளிப்போட்டேன். ஏழாம் நாள் ரத்தத்தில் சி.எம்.வி. அளவு பார்த்தார்கள், எண்ணைப் பார்த்ததும் மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பதினேழு நாள் ஊசியில் கிடந்தேன். மருந்து இருக்கும்வரை வைரஸ் அடங்கியிருக்கும். நிறுத்திய பின்புதான் அது தலைதூக்கிப் பார்க்கும். மருந்து நின்ற பிறகும் சில மாதங்களுக்கு ரத்தத்தில் அளவு பார்க்கச் சொல்லித் தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள். காய்ச்சலைத் தானாகவே விளக்கிக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லுங்கள்; நான் இழந்த ஆறு நாள் அப்படித்தான் போயிற்று.

இடையில் ஒரு செய்தி. 2022-இல் மேரிலாந்தில் ஒருவருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்களே, ஏறத்தாழ இரண்டு மாதம் வாழ்ந்த அவருடைய உடலில் பன்றியின் சைட்டோமெகலோ வைரஸின் மரபணு தென்பட்டது. உறுப்பு எங்கிருந்து வந்தாலும் தன் வரலாற்றையும் தூக்கிக்கொண்டுதான் வருகிறது.

நாடித்துடிப்பு எழுதியது:

டயாலிசிஸ் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் கொடையாளரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தம்பி இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பார் என்று எண்ணுகிறேன். அப்படியானால், அக்காவின் ரத்தத்திலிருந்து அவருக்கு ஹெபடைட்டிஸ் வருவதைவிட, அவர் படுத்திருக்கும் கட்டிலைச் சுற்றி நடப்பவற்றிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெபாரின் மருந்துக் குப்பி ஒன்றை வண்டியின் மேல்தட்டில் வைத்து, அதிலிருந்தே நான்கைந்து பேருக்கு மருந்து எடுப்பது வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் புதிய ஊசிதான் என்று சொல்வார்கள். பெரும்பாலும் உண்மையும் அதுவே. ஆனால் எச்சரிக்கை மணி அடிக்கும்போது, ஒருவருடைய குழாயைத் தொட்ட கையுறையோடு ஓடிவந்து அந்தக் குப்பியை எடுப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு அங்கே ஆறு மாதத்தில் மூன்று பேருக்குப் புதிதாக ஹெபடைட்டிஸ் சி வந்தது. மூவரும் ஒரே ஷிப்டில் வருபவர்கள். இயந்திரத்தைத்தான் எல்லோரும் குற்றம் சொன்னார்கள். கைகளையும் குப்பியையும் பற்றி நான் பேசியதை யாரும் விரும்பவில்லை.

ஹெபடைட்டிஸ் பி இன்னும் கெட்டி. உலர்ந்துபோன ரத்தக் கறையில்கூட ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். அதனால்தான் அந்தத் தொற்று உள்ளவருக்குத் தனி அறை, தனி இயந்திரம், அன்று அவரைப் பார்க்கும் செவிலியர் தொற்றுக்கு ஆளாகக்கூடிய வேறு நோயாளியைத் தொடக்கூடாது என்ற விதி. ஊசி குத்தினால் என்ன ஆகும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் கணக்கை இங்கேயும் எழுதுகிறேன்: தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைட்டிஸ் பி உள்ளவரைக் குத்திய ஊசி குத்தினால், நூற்றுக்கு முப்பது வரை தொற்றும் வாய்ப்பு உண்டு, ஹெபடைட்டிஸ் சி என்றால் இரண்டுக்கும் குறைவு, எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு மூன்று. மக்கள் அஞ்சும் வரிசை இதற்கு நேர் தலைகீழ்.

ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடல் தடுப்பூசிக்குச் சரியாக எழுந்துகொள்ளாது. அதனால்தான் இரட்டிப்பு அளவில் போடுகிறோம். போட்டோம் என்பதோடு விடக்கூடாது. கடைசித் தவணைக்குப் பிறகு ஓரிரு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு பார்க்க வேண்டும். 10-க்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு இல்லை என்று பொருள். உறுப்பு பொருத்தி, அடக்கும் மருந்துகள் தொடங்கிய பிறகு தடுப்பூசி இன்னும் மந்தமாகத்தான் வேலை செய்யும். ஆகையால் இப்போதே, தம்பியின் அளவு என்ன என்று கேளுங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள் ரத்தம் எடுத்தால், தடுப்பூசியில் உள்ள புரதமே ‘ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்’ என்று காட்டிவிடும். அப்படி ஒரு குடும்பம் இரண்டு வாரம் அழுததை நான் அறிவேன்.

மூன்றாம் ஷிப்ட் எழுதியது:

நாடித்துடிப்பு எழுதியதை எல்லோரும் இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன். கேள்விக்குறிக்கு இப்போது வருகிறேன்.

எல்லா வைரஸுக்கும் சோதிக்கலாமே என்கிறீர்கள். இறந்த கொடையாளரின் இதயத்தை எடுத்தால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும்; சிறுநீரகம் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். அந்த நேரத்துக்குள் எத்தனை வைரஸைத் தேடுவீர்கள்? மேலும் எல்லா வைரஸும் ரத்தத்தில் இருப்பதில்லை. 2004-இல் அமெரிக்காவில், மூளையில் ரத்தக்கசிவால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் கல்லீரல், இரு சிறுநீரகங்கள், ஒரு ரத்தக்குழாய்த் துண்டு ஆகியவற்றைப் பெற்ற நால்வரும் சில வாரங்களில் வெறிநோயால் (ரேபிஸ்) இறந்தனர். வெறிநோய் வைரஸ் நரம்பைப் பற்றிக்கொண்டு போவது. வழக்கமான ரத்தப் பரிசோதனைகளில் அது சிக்காது. தம்மை வௌவால் கடித்ததாக அந்தக் கொடையாளர் பிறரிடம் சொல்லியிருந்தது அதற்குப் பிறகே தெரியவந்தது. அங்கே எந்தக் கருவியும் செய்ய முடியாததை, ‘அண்மையில் விலங்கு எதுவும் கடித்ததா’ என்ற ஒரு கேள்வி செய்திருக்கும். எங்களிடம் வரும் குடும்பங்கள், இத்தனை கேள்வியா என்று சலித்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

சந்தேகம் இருந்தால் விட்டுவிடலாமே என்பது அடுத்தது. காத்திருப்புப் பட்டியல் என்பது ஆபத்தே இல்லாத இடம் என்று எடுத்துக்கொண்டால்தான் அந்த வாதம் நிற்கும். உண்மையில் அந்தப் பட்டியலில் ஆட்கள் இறக்கிறார்கள்.

ஹெபடைட்டிஸ் சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வைரஸ் 1989-இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதுவரை ‘ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத’ ஹெபடைட்டிஸ் என்றே அதற்குப் பெயர். அன்றைக்கு அந்தத் தொற்றுள்ள உறுப்பு வேண்டவே வேண்டாம் என்றது நியாயம். வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் வந்த பிறகு, எட்டு முதல் பன்னிரண்டு வார மருந்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுதும் குணமாகிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், தொற்று இல்லாத பத்துப் பேருக்கு, அவர்களுடைய முழு ஒப்புதலோடு, ஹெபடைட்டிஸ் சி உள்ள சிறுநீரகத்தைப் பொருத்தி உடனே மருந்தையும் தொடங்கினார்கள். பத்துப் பேருக்கும் வைரஸ் நீங்கியது. 2017-இல் அது வெளியானது. தென்னாப்பிரிக்காவில் 2008 முதலே, எச்.ஐ.வி. உள்ளவர்களின் சிறுநீரகத்தை எச்.ஐ.வி. உள்ள நோயாளிகளுக்குப் பொருத்தி வருகிறார்கள். தெரிந்த வைரஸுக்கு நாள் குறித்து மருந்து கொடுக்கலாம். எனக்கு அச்சம் தருவது தெரியாமல் போவதுதான்.

நடுவில் நிற்கும் ஒன்றும் உண்டு. ஹெபடைட்டிஸ் பி-யில், வைரஸின் மேலுறைப் புரதம் ‘நெகட்டிவ்’ என்று இருந்தும், உள்ளுறைக்கு எதிரான எதிர்ப்பொருள் ‘பாசிட்டிவ்’ என்று வரலாம். என்றோ வந்து ஆறிய தொற்று அது. ஆறியதென்றாலும், வைரஸின் மரபணு ஒரு வளையமாகச் சுருண்டு கல்லீரல் செல்லின் உட்கருவிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே அந்தக் கொடையாளரின் கல்லீரலைப் பெற்றால் தொற்று எழும் வாய்ப்பு மிகுதி. நீண்ட காலம் தடுப்பு மருந்து வேண்டும். அதே மனிதரின் சிறுநீரகத்தைப் பெற்றால் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே ஆள், ஒரே ரத்தம், உறுப்புக்கு உறுப்பு கணக்கு வேறு. தாழம்பூ, உங்கள் அறிக்கையில் அந்தப் பரிசோதனையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

பட்டியலைப் பற்றிச் சொன்னதை நான் யோசித்திருக்கவில்லை. கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘எந்த ஊர் மருத்துவம்’ என்றதையும் சேர்த்து. அறுவைச் சிகிச்சையின்போது ஏற்றும் ரத்தத்திலிருந்து சி.எம்.வி. வராதா என்பது மட்டும் கேள்வியாக மிஞ்சியிருக்கிறது.

மூன்றாம் ஷிப்ட் எழுதியது:

வரும். அது வெள்ளணுவுக்குள் இருப்பதால், வெள்ளணுவை வடிகட்டி நீக்கிய ரத்தத்தைக் கேட்டு வாங்க வேண்டும். டயாலிசிஸ் காலத்தில் ஏற்றும் ரத்தத்துக்கும் இது பொருந்தும்.

தாழம்பூ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் ஷிப்ட் ஐயா சொன்னபடி அறிக்கையின் மேல்மூலையைப் பார்த்தேன். மாதிரி எடுத்த தேதியிலிருந்து அறுவைச் சிகிச்சை நாள்வரை எண்ணினால் 63 நாட்கள் வருகின்றன. ஹெபடைட்டிஸ் பி உள்ளுறை எதிர்ப்பொருள் பரிசோதனை செய்திருக்கிறார்கள், ‘நெகட்டிவ்’. நாட் எதுவும் செய்யவில்லை. இன்று காலை ஒருங்கிணைப்பாளரிடம் இரண்டையும் காட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல், அறுவைச் சிகிச்சைக்கு முந்திய வாரத்தில் மீண்டும் ரத்தம் எடுத்து, நாட் உட்பட அனைத்தையும் செய்வதாகக் குறித்துக்கொண்டார். கேட்டிருக்காவிட்டால் குறித்திருப்பாரா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

தம்பியின் தடுப்பூசி அளவு 6. நாடித்துடிப்பு அம்மா சொன்ன கோட்டுக்குக் கீழே. நாளை மறுநாள் அடுத்த தவணையைத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே அவனுடைய பரிசோதனைக்கான ரத்தத்தை எடுத்துவிடச் சொல்லி நானே கூடப் போகிறேன்.

சி.எம்.வி. பற்றி அவனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயங்கினேன். எச்சிலில் பரவுவது, சிறு வயதிலேயே எனக்கு வந்திருக்கலாம், இப்போது சிறுநீரகத்தோடு உனக்கும் வரும் என்றேன். “ஒரே தம்ளரில் குடித்து வளர்ந்தோம், அப்போதெல்லாம் கொடுக்காமல் இப்போதுதான் கொடுக்கிறாயா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். எட்டாம் ஆண்டு ஐயாவின் பதிவை முழுவதும் படித்துக் காட்டினேன். அந்த ஆறு நாள் வந்த இடத்தில் மட்டும் அவன் சிரிக்கவில்லை.

படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மறுபரிசோதனையின் முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.